'குவீன் அண்ட் ஸ்லிம்' பார்த்த அனுபவம்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்தபோது, 2019 தாங்ஸ்கிவிங் விடுமுறையில் இந்தப் படத்துக்குப் போனேன். அரங்கில் என்னையும் தோழியையும் தவிர, ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள்.

ஒஹாயோவில் முதல்முறை சந்தித்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் ஜோடியின் காரை ஒரு போலீஸ்காரர் நிறுத்துகிறார். பேச்சு முற்றுகிறது. அவர் அந்தப் பெண்ணைச் சுட, கைகலப்பில் அவருடைய துப்பாக்கியாலேயே இளைஞன் அவரைச் சுட்டுவிடுகிறான். அப்புறம் நியூ ஆர்லியன்ஸ், ஃபுளோரிடா, முடிந்தால் கியூபா என்று ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு நடுவேதான் காதல்.

கார் நிற்கும் காட்சியில் அரங்கில் சத்தமே இல்லை. நான் கார் ஓட்டப் பழகியபோது அக்கா வீட்டுக்காரர் சொன்ன முதல் பாடமே, "போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்" என்பதுதான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

என்னைக் கட்டிப்போட்டது கதாநாயகியாக நடித்த ஜோடி டர்னர்-ஸ்மித். நல்ல கறுப்பு நிறம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். நம் படங்களில் என் நிறத்துப் பெண் பெரும்பாலும் தோழியாகத்தான் வருவாள், கதாநாயகியை வடக்கிலிருந்து கூட்டி வருவார்கள். இங்கே ஒருத்தி தன் நிறத்துக்கு எந்தச் சமாதானமும் சொல்லாமல் காதலிக்கப்படுகிறாள். பாதிப் படத்தில் பின்னலையும் எடுத்துவிட்டு ஒட்ட வெட்டிய முடியோடு வருகிறாள், இன்னும் அழகாக இருக்கிறாள். அந்தக் காலக் கலர் ஃபிலிமே வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துச் சரிபார்க்கப்பட்டது, கறுத்த முகங்கள் இருட்டில் கரைந்துவிடும். இதில் மதுக்கடை நடனக் காட்சியின் மங்கல் வெளிச்சத்திலும் இரண்டு முகமும் பளிச்சென்று தெரிகின்றன. இயக்கிய மெலினா மட்சூகாஸும் எழுதிய லீனா வெய்த்தும் கறுப்பினப் பெண்கள். அந்த அக்கறை வேறு எங்கிருந்து வரும்?

அடுத்த வாரம் அலுவலகத்தில் ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கறுப்பினத் தோழியிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவருக்குக் கோபம். நாயகன் டேனியல் கலூயா, நாயகி இருவருமே இங்கிலாந்தில் பிறந்தவர்கள், எங்கள் கதைக்கு இங்கே ஆள் இல்லையா என்றார். நடித்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் முடிவைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க முடியவில்லை (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்). காதலிக்கும் கறுப்பர்களைக் கடைசியில் ஏன் சாகடிக்க வேண்டும், காட்டிக்கொடுப்பவனும் ஏன் கறுப்பனாக இருக்க வேண்டும் என்று கேட்டார். இருவர் பெயரும் செத்த பிறகு செய்தியில்தான் நமக்குத் தெரியவருகிறது. அது அவர்களுக்குச் செய்த மரியாதை என்றேன். உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்றார்.

*

பதில்:

நான் லண்டனில் 2020 தொடக்கத்தில் பார்த்தேன். கார் நிறுத்தும் காட்சியில் எனக்குக் கொழும்புச் சோதனைச்சாவடிதான் நினைவு வந்தது. அடையாள அட்டையை எடுக்கவே கை நடுங்கும் அப்போது. அதனால்தானோ என்னவோ, நீங்கள் சொன்ன அந்த மதுக்கடைக் காட்சி எனக்கு வேறு மாதிரிப் பட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு அவர்கள் யாரென்று தெரியும், ஆனாலும் ஒருவரும் போலீஸுக்குச் சொல்லவில்லை, ஆடவிடுகிறார்கள். முடிவில் எனக்கும் வருத்தம்தான். அந்தக் காட்சிக்காகவே மறுபடி பார்ப்பேன்.