ஒப்பந்தம் இல்லாத பாக்கெட் வைஃபை யாராவது பயன்படுத்துகிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போடி பக்கம் வாடகை வீடு, எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்றும் தெரியாது, அதனால் வருடச் சந்தா கட்டி மாட்டிக்கொள்ளாமல் ப்ரீபெய்டு சிம் போடும் 4ஜி பாக்கெட் ரௌட்டர் ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டியது வேண்டாம். சமையலறையில் ஏர்டெல் நன்றாக எடுக்கிறது, மாடி அறையில் ஜியோ மட்டும்தான், ஆகவே எந்த சிம்மையும் ஏற்கும் அன்லாக்டு மாடல்தான் சரி. ஜியோவின் 4ஜி அலைவரிசைகளான 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் மூன்றும் அதில் இருக்க வேண்டும். தங்கைக்குத் தினமும் வீடியோ வகுப்பு, நாளுக்கு 2 ஜிபி பத்துமா? அப்புறம், நாள் முழுக்க சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி உப்பிவிடுமா? பயன்படுத்தியவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள், வகுப்பு தொடங்குவதற்குள் வாங்கியாக வேண்டும்.