வண்டி ஸ்டார்ட் ஆகல, காலைல கிளம்பணும், யாராவது சொல்லுங்க

இரவல்_ஹெல்மெட் · இரவு 8:42
வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரு வாரமா இதே ரோதனை. இன்னிக்குப் பாதி வழியில நின்னு வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன். பிளக் புதுசு, பெட்ரோல் இருக்கு. உதைச்சு உதைச்சு முட்டி விட்டுப் போச்சு. நாளைக்குக் காலைல கண்டிப்பா வண்டி வேணும். என்னவா இருக்கும்?

வோல்ட்மீட்டர் · இரவு 8:47
பேட்டரி. கண்ணை மூடிட்டுச் சொல்வேன். மல்டிமீட்டரை வச்சுப் பாருங்க, சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் காட்டணும். 12.2-ன்னா பாதி காலி. செல்ஃப் அமுக்கும்போது 10-க்குக் கீழ சரிஞ்சா பேட்டரி போச்சுன்னு வச்சுக்கோங்க.

டபுள்_கிளட்ச் · இரவு 8:51
என்ன வண்டி ப்ரோ? கார்ப்பா (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்ப்பரேட்டர்), எஃப்ஐயா (எலக்ட்ரானிக்கா பெட்ரோலைப் பீச்சுறது)? செல்ஃப் சுத்துதா, இல்ல "டிக் டிக்"னு மட்டும் கேக்குதா? எஞ்சினை அணைக்கிற கில் சுவிட்சைப் பாத்தீங்களா? சிரிக்காதீங்க, நான் ஒரு தடவை முக்கால் மணி நேரம் உதைச்ச பிறகுதான் பாத்தேன்.

கார்ப்_கிறுக்கன் · இரவு 8:58
மீட்டரை விடுங்க. கார்ப் அடியில டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. தண்ணி கலந்திருந்தா அடியில பாதரசம் மாதிரி முத்து முத்தா உருளும், பாட்டிலைச் சாய்ச்சா தனியா ஓடும். அப்படி இருந்தா டேங்கையும் சேத்துக் காலி பண்ணணும். தண்ணி இல்லன்னா ஸ்லோ ஜெட் அடைப்பு, கார்ப்குள்ள பெட்ரோல் போற சின்னக் குழாய் அது. அதோட ஓட்டை ரொம்பச் சின்னது. ஊசி போட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும். கிளீனர் அடிச்சுக் காத்து ஊதினாப் போதும்.

பழைய_இரும்பு · இரவு 9:20
இந்தப் பகுதிக்கு மேலேயே ஒரு குறிப்பு ஒட்டி வச்சிருக்கு. கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி வண்டி, வருஷம், எத்தனை கிலோமீட்டர், கடைசியா என்ன வேலை செஞ்சீங்க, எல்லாம் எழுதணும்னு. படிக்கிறதுக்கு என்ன கஷ்டம்? "ஸ்டார்ட் ஆகல"ன்னு ஒத்தை வரி போட்டா இங்க யாருக்கும் குறி சொல்லத் தெரியாது. வோல்ட்மீட்டர், உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்.

இரவல்_ஹெல்மெட் · இரவு 9:34
மன்னிக்கணும் சார். 125 சிசி, கார்ப். 9 வருஷ வண்டி. செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும்தான். கில் சுவிட்ச் ஆன்லதான் இருக்கு.

வோல்ட்மீட்டர் · இரவு 9:38
கிக்கர் வண்டின்னாலும், ஸ்பார்க்கை உண்டாக்குற சிடிஐ பெட்டி பேட்டரியில ஓடுற டிசி சிடிஐயா இருந்தா பேட்டரி செத்தா ஸ்பார்க்கும் செத்துடும். ஏசி சிடிஐ-ன்னா மேக்னெட் காயில்லயே கரண்ட் எடுத்துக்கும். எதுன்னு பாருங்க.

பழைய_இரும்பு · இரவு 9:41
125-ன்னா ஆயிரம் வண்டி இருக்கு தம்பி.

இரவல்_ஹெல்மெட் · காலை 6:50
காலைல வழக்கம் போல ஒரே உதைல ஸ்டார்ட் ஆயிடுச்சு. கிளம்புறேன். வழியில நிப்பாட்டாம ஓட்டினாப் பரவாயில்லன்னு நினைக்கிறேன்.

டபுள்_கிளட்ச் · காலை 6:58
இருங்க இருங்க. "வழக்கம் போல"வா?

இரவல்_ஹெல்மெட் · காலை 7:01
ஆமா, காலைல எப்பவும் ஆகும். 20 நிமிஷம் ஓட்டி நிப்பாட்டினா அப்புறம்தான் ஆகாது. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்ப ஆகும். சொல்லலையா நான்?

டபுள்_கிளட்ச் · காலை 7:03
இல்ல ப்ரோ. சொல்லல.

கார்ப்_கிறுக்கன் · காலை 7:15
அப்ப நேத்து நான் எழுதினது அவ்வளவும் வீண். ஜெட் அடைப்புன்னா சில்லுன்னு இருக்கும்போதுதான் அதிகமா மக்கர் பண்ணும்.

பழைய_இரும்பு · காலை 7:30
சூட்டுல நிக்குது, ஆறினா எடுக்குதுன்னா ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்கிற இக்னிஷன் காயில், இல்ல எப்ப ஸ்பார்க் விடணும்னு சொல்ற பிக்கப் காயில். உள்ள சுத்தியிருக்கிற கம்பி சூட்டுல விரிஞ்சு எங்கயோ விட்டுப் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். முதல் நாளே முழுசா எழுதியிருந்தா முதல் பதில்லயே முடிஞ்சிருக்கும். ரெண்டையும் மாத்துங்க.

மண்ரோடு · காலை 7:44
மாத்துறதுக்கு முன்னாடி டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்தா டேங்க்குள்ள வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்காது. நின்ன உடனே மூடியைத் திறங்க. "உஸ்"னு காத்து உள்ள இழுத்து, அடுத்த உதைல எடுத்தா அதுதான்.

நெடுஞ்சாலை_நரி · காலை 8:10
என் அனுபவத்துல இதெல்லாம் பெட்ரோல் கோளாறு. ஆக்டேன் கூடுன பெட்ரோல் போடுங்க, தானா சரியாகும். இப்ப வர்ற எத்தனால் கலந்த சரக்குல எந்த வண்டியும் உருப்படாது.

கார்ப்_கிறுக்கன் · காலை 8:22
ஆக்டேனுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் என்னங்க சம்பந்தம்? ஆக்டேன்ங்கிறது அழுத்தத்துல தானா பத்திக்காம எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கு. நாக்கிங் (எஞ்சின் தட்டுற சத்தம்) வந்தா அதைப் பேசலாம். ஸ்டார்ட்டிங்குக்கு வேண்டியது பெட்ரோல் எவ்வளவு சுலபமா ஆவியாகுதுங்கிறது.

நெடுஞ்சாலை_நரி · காலை 8:31
புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். நான் போட்டேன், வித்தியாசம் தெரிஞ்சுது.

மண்ரோடு · காலை 8:40
எத்தனால் விஷயத்துல நரி சொல்றதுல பாதி சரி. தண்ணியை இழுக்கும், அளவு மிஞ்சினா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு அடியில தங்கும். லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தியும் கம்மி. ஆனா அது தகராறு பண்றது மாசக் கணக்குல நிக்கிற வண்டியிலயும், குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போதும். இவரு தினம் ஓட்டுறாரு, குளிர்ல ஒரே உதைல எடுக்குது.

நெடுஞ்சாலை_நரி · காலை 8:46
சூட்டுல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாகி அடைச்சுக்கும், கேள்விப்பட்டதில்லையா?

கார்ப்_கிறுக்கன் · காலை 8:52
பெட்ரோல் தானா கீழ இறங்குற கார்ப் வண்டியில அதை நான் பாத்ததே இல்ல. இப்ப ஆக்டேனை விட்டுட்டு ஆவிக்குத் தாவிட்டீங்க பாருங்க.

(இதுக்கு அடுத்து எத்தனாலைப் பத்தி 14 பதில்கள் தனி இழைக்கு மாத்தப்பட்டன.)

இரவல்_ஹெல்மெட் · மாலை 6:25
திரும்பவும் நின்னுச்சு. சொன்னதெல்லாம் செஞ்சேன். டேங்க் மூடி திறந்தேன், உஸ் எதுவும் இல்ல, திறந்து வச்சே உதைச்சும் எடுக்கல. பிளக்கைக் கழட்டி எஞ்சின் ஹெட்ல ஒட்டி வச்சு உதைச்சேன், நீலமாப் பளிச்சுன்னு வருது. பிளக் முனை லேசா ஈரமா இருக்கு, பெட்ரோல் வாசனை. காயிலை இன்னும் மாத்தல.

பழைய_இரும்பு · மாலை 6:40
வெளிக்காத்துல ஸ்பார்க் வர்றதும் அழுத்தத்துக்குள்ள வர்றதும் ஒண்ணா? வெளியில பளிச்சுன்னு அடிக்கிற காயில் உள்ள போனா படுத்துக்கும். காயிலை மாத்துங்க.

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · மாலை 7:05
இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். காயில் வாங்குறதுக்கு முன்னாடி செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. எஞ்சின் இப்ப சூடா இருக்கா? இருந்தா கிக்கரைக் காலால வேண்டாம், கையால மெதுவா அமுக்குங்க. ஒரு இடத்துல முட்டி நிக்கணும், நல்லா அழுத்தினாத்தான் "புஸ்"னு தாண்டணும். முட்டுதா?

இரவல்_ஹெல்மெட் · மாலை 7:12
முட்டல அண்ணா. கழண்ட சைக்கிள் பெடல் மாதிரி லொடலொடன்னு இறங்குது. காலைல நல்லா முட்டும். சூட்டுல ஆயில் இளகுறதாலன்னு நினைச்சேன்.

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · மாலை 7:15
ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் இருக்கு, கம்ப்ரஷன் இல்ல, அதாவது எஞ்சினுக்குள்ள காத்து அழுந்தல. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். இந்தத் தொல்லை ஆரம்பிச்சது ஒரு வாரம் முன்னாடி. அதுக்கு முன்னாடி எஞ்சின்ல யாராவது கை வச்சாங்களா?

இரவல்_ஹெல்மெட் · மாலை 7:18
இல்லண்ணா. மெக்கானிக்கிட்ட விட்டே ரொம்ப நாளாச்சு. டேப்பெட் (வால்வை அமுக்குற இடத்துல இருக்கிற இடைவெளி) சத்தம் வந்துச்சுன்னு பத்து நாள் முன்னாடி நானே வீடியோ பாத்து டைட் வச்சேன், அவ்வளவுதான். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு.

டபுள்_கிளட்ச் · மாலை 7:19
"அவ்வளவுதான்."

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · மாலை 7:41
சத்தம் சுத்தமா நின்னதுதான் கோளாறே. எஞ்சினுக்குள்ள காத்து வர்ற போற வழியைத் திறந்து மூடுறது வால்வ், அதை அமுக்கித் திறக்குறது ராக்கர். ராக்கருக்கும் வால்வ் தலைக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி வேணும். எஞ்சின் சூடானதும் வால்வ் தண்டு நீளும், எக்ஸாஸ்ட் வால்வ் எரிஞ்ச வாயுவுலயே குளிக்கிறதால அது இன்னும் அதிகமா நீளும். நீங்க இடைவெளியே விடலன்னா நீளுறதுக்கு இடமில்லாம வால்வைத் திறந்தே பிடிச்சுக்கும், அது மூடி உக்கார வேண்டிய சீட்ல உக்காராது. கம்ப்ரஷன் அந்தச் சந்துல போயிடும். ஆறினதும் சுருங்கி உக்காந்துக்கும். காலைல ஒரே உதைல எடுக்குறது அதனாலதான்.

இன்னிக்குத் தொடாதீங்க. ராத்திரி பூரா ஆறட்டும், காலைல கைவச்சா சில்லுன்னு இருக்கும்போது பாருங்க. பிளக்கைக் கழட்டிடுங்க, சுத்துறது லேசா இருக்கும். மேக்னெட் கவர்ல ரெண்டு மூடி இருக்கும். பெரிய ஓட்டை வழியா நட்டை எஞ்சின் ஓடுற திசையிலேயே சுத்தணும், சின்ன ஓட்டையில, பிஸ்டன் உச்சியில இருக்குன்னு காட்டுற டி கோடு தெரியும். இங்கதான் பாதிப் பேர் ஏமாறுவாங்க. டி கோடு ரெண்டு சுத்துல ரெண்டு தடவை வரும், ஒண்ணு மட்டும்தான் கம்ப்ரஷன் டாப், அதாவது ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம். காத்தை உள்ள விடுற பக்கத்து இன்டேக் ராக்கர் வால்வை அமுக்கி மேல வந்ததுக்கு அப்புறம் வர்ற டி கோடு எதுவோ, அதுல நிப்பாட்டுங்க.

இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடுங்க, ஃபீலர் கேஜ், வாங்குங்க, பில்லர் கேஜ்னு கேட்டாலும் அதையேதான் எடுத்துத் தருவாங்க. அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். இந்த மாதிரி வண்டிக்கு 0.05-லிருந்து 0.12 மில்லிமீட்டருக்குள்ள வரும், எக்ஸாஸ்டுக்குச் சில வண்டியில கொஞ்சம் கூட. தகட்டை நடுவுல விட்டு இழுத்தா, கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை உருவுற மாதிரி லேசாப் பிடிக்கணும். இடைவெளி வைக்கிற ஸ்க்ரூவைப் பிடிச்சு நிறுத்துற லாக் நட்டை முடுக்கும்போது அந்த ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால முடுக்கின பிறகு தகட்டை இன்னொரு தடவை விட்டுப் பாருங்க. நான் முதல் தடவை இதை விட்டுட்டு மூணு தடவை கவரைத் திறந்தேன்.

வோல்ட்மீட்டர் · மாலை 7:50
பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தாலும் கம்ப்ரஷன் போகுமே?

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · மாலை 7:56
போகும். பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைப் போட்டுக் கிக்கரை அமுக்கணும். அப்ப முட்ட ஆரம்பிச்சா ரிங், அப்பவும் முட்டலன்னா வால்வ். ஆனா ரிங் தேய்ஞ்ச வண்டி பத்து நாள்ல திடீர்னு இப்படி ஆகாது, புகையும் வரும். ஒண்ணு மட்டும் கவலை, ஒரு வாரம் இப்படியே ஓட்டியிருக்காரு. எக்ஸாஸ்ட் வால்வ் விளிம்பு கருகியிருந்தா இடைவெளி வச்ச பிறகும் முட்டாது. அப்ப ஹெட்டைக் கழட்டி வால்வைத் தேய்க்கணும், அது வீட்டு வேலை இல்ல.

பழைய_இரும்பு · மாலை 8:02
கடைசியா என்ன வேலை செஞ்சீங்கன்னு எழுதுங்கன்னு நான் முதல்லயே சொன்னேன். மேல போய்ப் பாருங்க.

டபுள்_கிளட்ச் · மாலை 8:04
சொன்னீங்க. அப்புறம் ரெண்டு காயிலையும் மாத்தச் சொன்னீங்க.

பழைய_இரும்பு · மாலை 8:09
காதால டேப்பெட் வைக்கிற காலம் இது. பேசிப் பிரயோஜனம் இல்ல.

மண்ரோடு · மறுநாள் காலை 10:30
என்னாச்சு, திறந்தீங்களா?

கார்ப்_கிறுக்கன் · மூணாம் நாள் மதியம் 1:15
ஆளைக் காணோம். வண்டி ஓட ஆரம்பிச்சிருக்கும், இல்லன்னா வந்திருப்பாரு.

நெடுஞ்சாலை_நரி · மூணாம் நாள் மதியம் 1:40
இல்ல, ஆக்டேன் கூடுன பெட்ரோல் போட்டிருப்பாரு.

இரவல்_ஹெல்மெட் · ஆறாம் நாள் இரவு 9:05
எக்ஸாஸ்ட்ல 0.03 தகடு கூடப் போகல. மேனுவல் பாத்து 0.10 வச்சேன், இன்டேக் 0.08. லாக் நட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே திரும்பியிருந்துச்சு. சூட்டுலயும் கிக்கர் முட்டுது, நாலு நாளா எங்கயும் நிக்கல. நன்றிண்ணா.

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · ஆறாம் நாள் இரவு 9:20
வால்வ் தப்பிச்சுது. சத்தம்?

இரவல்_ஹெல்மெட் · ஆறாம் நாள் இரவு 9:22
வருது.

14_ம்_நம்பர்_ஸ்பேனர் · ஆறாம் நாள் இரவு 9:23
வரட்டும்.