காலையில் முதல் பில் மட்டும் பதிவதில்லை: டேட்டாபேஸ் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சம்மாந்துறை மில்:
நெல் மில் ஒன்றுக்கு ஜாவாவில் எடைப் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், அதே ஒஃபிசில் வேறொரு கொம்பியூட்டரில் ஓடுகிறது. தொடங்கும்போது திறக்கிற ஒரே இணைப்புத்தான் முழுக்க. இரவிலும் புரோகிராமை மூடுவதில்லை. பின்னேரம் 6 மணிக்குக் கடைசிப் பில், காலை 7 மணிக்கு முதல் பில். அந்த முதல் பில்லில் தினமும் பிழை. மூடித் திறந்தால் சரி. பெரும்போக வெட்டு நேரம், வாசலில் உழவு மெசின்கள் மூடையோடு வரிசையில் நிற்கின்றன, எனக்கு மனம் கேட்கவில்லை.

ஒவ்வொரு பில்லுக்கும் முன், இணைப்பு மூடியிருக்கிறதா என்று ஜாவாவின் இஸ்குளோஸ்ட் (isClosed) மூலம் கேட்கிறேன். மூடவில்லை என்றே சொல்கிறது. சேர்வரிடமிருந்து கடைசி பக்கற் (தரவுத் துண்டு) வந்து 46,812,355 மில்லிசெக்கன் ஆகிறது என்கிறது பிழைச் செய்தி.

கல்லடி:
தம்பி, ஒரு மணித்தியாலம் 36 இலட்சம் மில்லிசெக்கன், அந்த எண்ணை அதால் வகுத்துப் பாருங்க. 13 மணித்தியாலம், உங்கட இரவு அப்படியே. மைஎஸ்கியூஎல்லில் வெயிட் டைம்அவுட் மாற்றாவிட்டால் 28,800 செக்கன், அதாவது 8 மணித்தியாலம். அதற்கு மேல் சும்மா கிடக்கிற இணைப்பை சேர்வரே வெட்டிவிடும். இரவு 2 மணிக்கே வெட்டியாச்சு.

இஸ்குளோஸ்ட் சேர்வரிடம் எதையும் கேட்பதில்லை. உங்கள் பக்கத்தில் குளோஸ் கூப்பிட்டிருக்கிறதா என்று மட்டும்தான் உறுதியாகச் சொல்லும். ஜாவா 6 இலிருந்து இஸ்வேலிட் (isValid) இருக்கிறது. 2 அல்லது 3 செக்கன் கொடுத்துக் கேளுங்கள், டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோடு பேச வைக்கும் மென்பொருள்) சேர்வருக்கு ஒரு பிங் அனுப்பிப் பதில் பார்க்கும். இல்லை என்றால் பழையதை மூடிப் புதியது திறக்க வேண்டியதுதான்.

அக்கரைப்பற்று:
இணைப்பு அறுந்தால் டிரைவரே திரும்பத் திறக்கிற ஓட்டோரீகனெக்ட் போட்டால் போதாதா அண்ணன்?

கல்லடி:
வேண்டாம். ஒரு பில்லுக்காக ஒன்றாகவே பதிய வேண்டிய வேலைகளின் தொகுதிதான் டிரான்சாக்‌ஷன். பாதியில் நின்ற டிரான்சாக்‌ஷன் போய்விடும், அந்தப் பிழையைப் புரோகிராம் சரியாகக் கையாளாவிட்டால் அடுத்த வரி புது இணைப்பில் ஓடும். நெல் வரவு பதியாமல் காசு மட்டும் பதிந்தால் யார் பொறுப்பு?

இன்னொன்று, இஸ்வேலிட் சொல்வது அந்த நொடிக்கு மட்டும். கேட்டு முடித்த அடுத்த கணமே கேபிள் கழன்றாலும் கழரும். ஆகவே பில் எழுதும் இடத்திலும் பிழையைப் பிடித்து, புது இணைப்பில் முழு டிரான்சாக்‌ஷனையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். ஆனால் கொமிட் (பதிவை உறுதியாக்கும் கட்டளை) போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்திருந்தால் அதே பில் இரண்டு முறை ஏறும். பில் இலக்கத்தைப் புரோகிராமே முன்கூட்டிக் கொடுத்து, அதற்கு யுனிக் கீ போடுங்கள். இரண்டாவது தானாகவே தடைபடும்.

சம்மாந்துறை மில்:
அண்ணன், விடியும்வரை காத்திருக்கவில்லை. வீட்டு லப்டொப்பில் வெயிட் டைம்அவுட்டை 60 செக்கன் ஆக்கி, புரோகிராமை மூடித் திறந்து, ஒரு பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தேன். பழைய கோட் அதே பிழையில் நின்றது. இஸ்வேலிட் போட்ட கோட் புது இணைப்பு எடுத்துப் பில்லை அடித்தது. யுனிக் கீயும் போட்டாச்சு. நாளைக் காலை 7 மணிக்கு நான் மில்லில் நிற்பேன்.