கீபோர்டு சார்ஜ் ஏறவில்லை: தப்பு கேபிளிலா, போர்ட்டிலா?

சிம்மக்கல் சின்னவர்:
டேப்லெட்டுக்கு மூடியோடு வரும் புளூடூத் கீபோர்டு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் கடையைத் திறந்து கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தால் 'கீபோர்டு பேட்டரி குறைவு' என்று வருகிறது. எல்லா நாளும் இல்லை, சில நாள் முழுசாக ஏறியிருக்கிறது. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிள். அதில் டேப்லெட் ஒழுங்காக ஏறுகிறது. பழைய போனின் கேபிளை, அதாவது சார்ஜர் பக்கம் பட்டை முனை (யூஎஸ்பி-ஏ), கீபோர்டு பக்கம் டைப்-சி உள்ளதைப் போட்டால் கீபோர்டும் ஏறுகிறது. வாங்கிய கடையில் கேபிளை மாற்றச் சொல்கிறார்கள்.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக்:
தூசி தம்பி. பையில் போட்டுத் திரிகிற சாமான், போர்ட்டுக்குள் பஞ்சு அடைந்திருக்கும். ஆஃப் பண்ணிவிட்டு மரப் பல்குச்சியால் எடுங்கள். குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கிற பின் (கரண்ட் தொடும் சின்ன உலோக முனை) வளைந்துவிடும்.

குன்றத்து டிப்ளமோ:
அண்ணே, தூசி என்றால் பழைய கேபிளில் மட்டும் எப்படி ஏறும்? பட்டை முனை சார்ஜர் செருகியதும் 5 வோல்ட்டைத் தந்துவிடும். சி சார்ஜர் அப்படி இல்லை. எதிரே ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அதற்குத்தான் போர்ட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின், ஒவ்வொன்றுக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடை. அது இல்லாவிட்டால் சார்ஜர் கரண்டே விடாது. காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிற கம்பெனி நிறைய. சின்னவரே, கீபோர்டு பக்க முனையைத் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

சிம்மக்கல் சின்னவர்:
பார்த்தேன். கேபிளில் எழுத்து மேலே இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. கீழே போனால் எரியவில்லை! மூன்று மாதமாக விளக்கைப் பார்க்காமல் செருகிவிட்டுப் படுத்திருக்கிறேன்.

குன்றத்து டிப்ளமோ:
அவ்வளவுதான். முனை எந்தப் பக்கமாகச் செருகப்படுகிறதோ அதைப் பொறுத்து சிசி1, சிசி2 இரண்டில் ஒன்றைத்தான் சார்ஜர் பார்க்கும். இவன் ஒரு பின்னுக்கு மின்தடை வைத்திருக்கிறான், இன்னொன்றுக்கு இல்லை.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக்:
அதற்குள் தீர்ப்பா? ஒரு பக்கத்து பின்னில் மட்டும் அழுக்குப் பிடித்தாலும் இதே கதைதான். பழைய கேபிளுக்கு அந்தப் பின் தேவையே இல்லை, அதனால் அதில் ஏறும். நீங்கள் சொன்ன கணக்கை வைத்தே சொல்கிறேன். படித்தவர்கள் எல்லாவற்றையும் டிசைன் தப்பு என்பீர்கள், நாங்கள் தினம் பஞ்சை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குன்றத்து டிப்ளமோ:
அழுக்கால் வரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிசைனில் கோட்டைவிடுவது ஒன்றும் அபூர்வமில்லை. 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டிலேயே இந்த மின்தடையில் பிசகி, சில கேபிளில் கரண்டே வராமல், பிறகு போர்டைத் திருத்தினார்கள்.

மேலூர் வாத்தியார்:
இடையில் ஒரு சந்தேகம். என் பள்ளி ஐபேடின் மேஜிக் கீபோர்டில் கீல் பக்கம் ஒரு சி போர்ட். பென்டிரைவ் செருகினால் தெரிவதே இல்லை. இதுவும் மின்தடையா?

குன்றத்து டிப்ளமோ:
இல்லை சார். அது சார்ஜுக்கு மட்டும் வைத்த போர்ட். பென்டிரைவை ஐபேடிலேயே செருகுங்கள்.

சிம்மக்கல் சின்னவர்:
பல்குச்சி போட்டேன், துளி பஞ்சும் வரவில்லை. பிறகு நம் கேபிளையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய், இதே மாடலில் புதுசு ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். எழுத்து மேலே இருந்தால் எரிகிறது, கீழே இருந்தால் இல்லை. இன்னொன்றைப் பிரித்தார்கள், அதுவும் அப்படியே. கடைக்காரர் அப்போதும் 'கேபிளை மாத்துங்க சார்' என்றார்.

டவுன்ஹால் ரோடு மெக்கானிக்:
புது டப்பாவில் அழுக்கு இருக்காது. சரி, டிசைன்தான். கேபிள் எழுத்துப் பக்கம் ஒரு சொட்டு நெயில்பாலிஷ் வையுங்கள், இருட்டிலும் தடவினால் தெரிகிற மாதிரி.

குன்றத்து டிப்ளமோ:
அண்ணே, எப்படிச் செருகினாலும் ஏறணும் என்றுதானே டைப்-சியே வந்தது! மாற்றித் தரச் சொல்லுங்கள் சின்னவரே, வாரண்டி இருக்கிறது.

சிம்மக்கல் சின்னவர்:
மாற்றினால் இதே மாடல்தான் தருவார்களாம். பணத்தைக் கேட்டிருக்கிறேன். அதுவரை வீட்டுக்காரியின் சிவப்பு நெயில்பாலிஷ்.