குருதிப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிச் சாயமிட்ட குருதியில்) பற்றீரியாவைக் கண்ட அனுபவம் உண்டா?

கிளிநொச்சி, ஆய்வுகூடப் பணியாளர்:
டெங்குச் சந்தேகத்தில், குருதிச் சிறுதட்டுக்களைப் பார்க்கும்படி அனுப்பப்பட்ட பூச்சு அது. நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் பார்த்தபோது, நியூத்திரோபில் என்ற வெண்குழியம் ஒன்றினுள் இரண்டிரண்டாக ஒட்டியிருந்த கருநீலக் கோளங்கள் தெரிந்தன. வளர்ந்தோரின் குருதித்தொற்றில் ஒரு மில்லிலீற்றருக்குப் பெரும்பாலும் 10 பற்றீரியாக்கள்கூட இருப்பதில்லை; பூச்சில் கண்ணுக்குப் படுவதற்கு இலட்சக்கணக்கில் இருக்கவேண்டும். செங்குழியங்கள் சிலவற்றில் ஹோவெல்-ஜொலி துணிக்கையும் (எஞ்சிய கருவின் துண்டு) இருந்தது. அதையும் பற்றீரியாவையும் குருதியிலிருந்து அகற்றுவது மண்ணீரல் என்பதால், நோயாளிக்கு மண்ணீரல் உண்டா என்று விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டேன். தாதி அவருடைய மேற்சட்டையை விலக்கிப் பார்த்து, நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள்வரை பழைய தழும்பு இருப்பதாகச் சொன்னார். 2009இல் எறிகணைக் காயத்துக்காக மண்ணீரலை அகற்றினார்கள் என்று மனைவி அப்போதுதான் சொன்னாராம். அனுமதிக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருந்து உடனே ஏற்றப்பட்டும் அன்றிரவே அவர் இறந்துவிட்டார்.

வவுனியா, ஓய்வுபெற்றவர்:
தம்பி கண்டதை நான் மறுக்கவில்லை. ஆயினும் பூச்சில் தெரியும் புள்ளியெல்லாம் பற்றீரியா ஆகிவிடாது. வடிகட்டாத சாயத்தின் படிவு குழியங்களுக்கு மேலே கிடப்பதால், நுண்திருகியைச் சற்றுத் திருப்பினாலே அது வேறு தளத்தில் இருப்பது தெரிந்துவிடும். நான் மலேரியா தேடிப் பூச்சுப் பார்த்த காலத்தவன் (உள்ளூர்த் தொற்று 2012உடன் ஓய்ந்து, 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது). என்னை உறுத்துவது இதற்கு எதிர்மாறான பூச்சு. வயலிலிருந்து காய்ச்சலோடு வந்த நீரிழிவு நோயாளி ஒருவரின் குருதியில் ஒட்டுண்ணியும் இல்லை, பற்றீரியாவும் இல்லை. நியூத்திரோபில்களில் மட்டும் கடும் தொற்றைக் காட்டும் கரும் மணிகளும் வெற்றிடங்களும் நிறைந்திருந்தன. மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்பது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் குருதி வளர்ப்பில்தான் வெளிப்பட்டது. பூச்சில் காணாததை வைத்துத் தொற்றே இல்லை என்று எவரும் எழுதிவிடக் கூடாது.

முல்லைத்தீவு, நோயாளியின் தங்கை:
ஐயா, சாயப்படிவு பற்றிய வாதம் ஆய்வுகூடத்துக்குரியது. அந்தக் குடும்பத்துக்கு மண்ணீரல் இல்லாததன் ஆபத்தைப் பற்றி முன்பே யார் சொன்னார்கள் என்பதே என் கேள்வி. என் அண்ணாவுக்கும் மண்ணீரல் இல்லை. நாய் கடித்தபோது விசர்நாய்த் தடுப்பூசியோடு திரும்பிவிட்டார். பின்னர் காய்ச்சலில் விரல்நுனிகள் கறுத்தன, பூச்சிலேயே நாயின் வாயிலிருந்து வந்த மெல்லிய கோலுருக் கிருமிகள் தெரிந்தன. உயிர் தப்பினார், இரண்டு விரல்கள் போயின. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் (Hib) ஆகிய பற்றீரியாக்களுக்கான தடுப்பூசிகளைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சத்திரசிகிச்சை அட்டையின் பிரதியை அடையாள அட்டையோடு வைத்திருங்கள். காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுவிட்டு விடியும்வரை காத்திராமல், வைத்தியசாலை வாசலிலேயே மண்ணீரல் இல்லை என்று சொல்லுங்கள். நாய் கடித்தால் தடுப்பூசியோடு நின்றுவிடாமல் நுண்ணுயிர்கொல்லியும் வேண்டுமா என்று கேட்டுவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.