கோட்டு மேலயே வெட்டணுமாம், டெய்லருங்களுக்கு கத்திரி புடிக்க தெரியாதாம்

பாலக்கோடு கத்திரி:
நேத்து ஹோசூர் அம்மணி ஒருத்தங்க 5 வயசு பாப்பாவுக்கு ஊட்டுலயே ஃப்ராக் தைக்கிறது எப்படின்னு இங்க எழுதியிருந்தாங்க, படிச்சதுல இருந்து எனக்கு சோறு எறங்கல. பேட்டர்ன, அதான் துணி மேல வச்சு வெட்டுற அளவு பேப்பர, பிரிண்ட் எடுத்து ஒட்டுங்க, கோட்டு மேலயே வெட்டுங்க, தையலுக்குன்னு தனியா துணி விடவே விடாதீங்க, அதுல ஏற்கனவே ஒன்றரை இருக்கு, நம்ம ஊர் டெய்லருங்க தான் உள்ள கண்டபடி துணிய விட்டு குழந்தைய மூட்டை கட்டி வைக்கிறாங்கன்னு. மூட்டையா? 22 வருஷமா மிஷின் மிதிக்கிறேன், தையல் சங்கத்துல ஸ்கூல் யூனிஃபார்ம் எத்தனை தச்சிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது, ஒரு புள்ள வந்து மூட்டை மாதிரி இருக்குன்னு சொன்னதில்ல. வளர்ற புள்ளைக்கு சைடுல ஒன்றரை விடணும். விட்டே ஆகணும். இதுல பேசறதுக்கு என்ன இருக்கு.

ஹோசூர் மாம்:
பேர் போடாம சுத்தி வளைக்க வேணாம் மேடம், எழுதினது நான் தான். நான் என்ன எழுதினேன்னு முழுசா படிச்சீங்களா? பேட்டர்ன்ல மார்ஜின், அதான் தையலுக்கு விடற துணி, சேர்த்தே தான் கோடு போட்டிருக்கான், ஒன்றரை உள்ள இருக்கு, அதுக்கு மேல நீங்க ஒரு ஒன்றரை விட்டா ஃப்ராக் பாப்பாவுக்கு இல்ல பாப்பாவோட அத்தைக்கு தான் ஆகும். பேட்டர்ன் போட்டவங்க எல்லாம் முட்டாளா? 1863லயே அமெரிக்காவுல எபனேசர் பட்டரிக்னு ஒருத்தர் சைஸ் சைஸா பேப்பர்ல வெட்டி விக்க ஆரம்பிச்சாரு, அன்னைல இருந்து உலகமே அப்படித்தான் தைக்குது, பாலக்கோட்டுல மட்டும் வேற உலகம் போல.

பாலக்கோடு கத்திரி:
எந்த பேப்பர்லமா ஒன்றரை இருக்கு? காட்டு. நாங்களும் பேப்பர் கட்டிங் வச்சு வெட்டுறவங்க தான், பழைய காலண்டர் அட்டைல வெட்டி ஆணில மாட்டி வச்சிருக்கேன், சைஸ் 18ல இருந்து 34 வரைக்கும். அதுல ஒன்னுலயும் ஒன்றரை கெடையாது, நாம தான் சாக்பீஸ்ல சேர்த்து போடணும். அந்த பட்டரு யாரு எனக்கு தெரியாது.

மாங்கா மண்டி:
பட்டரிக் இல்லக்கா, பட்டர் பிஸ்கட் 😂

பர்கூர் பெரிய மாஸ்டர்:
அந்த பட்டரிக்கும் டெய்லர் தான்மா. சும்மா தெரிஞ்சுக்கோங்க.

பாலக்கோடு கத்திரி:
பாத்தீங்களா! டெய்லராம்! டெய்லர் போட்ட பேப்பர வச்சுக்கிட்டு டெய்லருக்கே பாடம் எடுக்குது இந்த ஹோசூர் பொண்ணு.

ஸ்கேல் வாத்தியார், மொரப்பூர்:
ரெண்டு பேரும் கோச்சுக்காதீங்க, எனக்கு ஒரே சந்தேகம். ஒன்றரை ஒன்றரைன்னு சொல்றீங்களே, அது இன்ச்சா சென்டிமீட்டரா? அமெரிக்காக்காரன் கவர்ல வர்ற பேட்டர்ன்ல பெரும்பாலும் 5/8 இன்ச் மார்ஜின் சேர்ந்தே வரும், அதாவது இன்ச்சுக்கு 8 நூல்னு நம்ம கணக்குல 5 நூல், சென்டில ஒன்றரை கிட்ட. ஜெர்மன் புர்தா பத்திரிகை பேட்டர்ன்ல வழக்கமா சேர்க்கவே மாட்டாங்க, நாம தான் விடணும். எந்த பேட்டர்ன் எந்த அளவுன்னு சொல்லிட்டா பாதி சண்டை முடிஞ்சிரும்.

பாலக்கோடு கத்திரி:
வாத்தியாரே கணக்கு பாடம் அப்புறம். ஒன்றரைன்னா ஒன்றரை தான், இதுல அமெரிக்கா ஜெர்மனின்னு என்ன இருக்கு. நான் சொல்றத கேளுங்க. பாடிக்கு சைடுல ஓரம் எத்தனை? முன்பக்கம் ரெண்டு பின்பக்கம் ரெண்டு, நாலு. ஒவ்வொரு ஓரத்துலயும் ஒன்றரை விட்டு தச்சா அடுத்த வருஷம் தையல பிரிச்சு ஓரத்துக்கு ஒரு இன்ச் வெளிய விடலாம், நாலு ஓரத்துக்கு நாலு இன்ச் சுத்தளவு சும்மா கெடைக்குது. 24 மார்பு புள்ள 28 ஆனாலும் அதே ஃப்ராக்க போட்டுக்கிட்டு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு போகும். துணி காசு, கூலி காசு, எல்லாம் மிச்சம். இத கண்டுபுடிச்சது அமெரிக்கா இல்ல, எங்க அம்மா.

ஹோசூர் மாம்:
24ல இருந்து 28க்கு போக பாப்பாவுக்கு நாலஞ்சு வருஷம் ஆகும் மேடம், அதுக்குள்ள ஃப்ராக் முட்டிக்கு மேல இல்ல இடுப்புக்கு வந்திருக்கும்! 5 வயசுக்கு மேல புள்ளைங்க வருஷத்துக்கு 6 சென்டி மாதிரி உயரத்துல வளரும், மார்பு ஒரு இன்ச் ஏறுறதே கஷ்டம். துணி விடணும்னா கீழ மடிப்புல விடுங்க, 3 இன்ச் மடிச்சு ஹெம்மிங் பண்ணா ரெண்டு வருஷத்துக்கு எறக்கலாம், இல்லன்னா பாவாடைல உள்பக்கமா ஒரு டக், அதான் மடிச்சு தைக்கிற மடிப்பு, புடிச்சு வைங்க. சைடுல ஒன்றரை விட்டா கைக்குழி கிட்ட துணி கட்டி கட்டியா நிக்கும், மே மாச வெயில்ல புள்ளைக்கு வேர்க்குரு தான் மிச்சம். இத தான் மூட்டைன்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

பாலக்கோடு கத்திரி:
உங்க ஊட்டு புள்ள உயரத்துல மட்டும் வளருது போல, எங்க ஊட்டு புள்ளைங்க களி தின்னு அகலத்துலயும் வளருதுங்க.

ஹோசூர் மாம்:
இது என்ன பேச்சு? ஹோசூர்ல மட்டும் நாங்க என்ன பீட்சாவா திங்கிறோம்? எங்க ஊட்லயும் ராகி தான்.

மாங்கா மண்டி:
ஹோசூர்காரங்க எல்லாம் பெங்களூர்ல பாதி, ராகி முத்தைன்னு தான் சொல்வீங்க களின்னு சொல்ல மாட்டீங்க.

கோட்டை தெரு:
ஆரம்பிச்சுட்டாங்கப்பா. 2004 பிப்ரவரில மாவட்டத்த பிரிச்சப்பவே சொன்னேன், கிருஷ்ணகிரி பக்கம் போனவங்களுக்கு தர்மபுரின்னா எளக்காரம்.

மாங்கா மண்டி:
யோவ் நான் காவேரிப்பட்டணம், எனக்கு எளக்காரம் இல்ல. எங்க மாங்கா தின்னுட்டு தான நீங்க எல்லாம் பேசறீங்க.

பர்கூர் பெரிய மாஸ்டர்:
மாங்காவ விடுங்க. ரெண்டு பொண்ணுங்களும் பாதி பாதி சொல்றீங்க. கழுத்துக்கு கால் இன்ச், தோளுக்கு அரை, கைக்குழிக்கு அரைக்கு கம்மி, சைடு நேர் தையலுக்கு தான் கூட விடணும். வளைவு வர்ற எடத்துல கத்திரியால கட் குடுத்து மடிச்சா எந்த கட்டியும் நிக்காது. எல்லா எடத்துக்கும் ஒரே அளவுன்னு எந்த மடையன் சொன்னான்? அப்புறம் ஒரு முக்கியமான விஷயத்த யாருமே பேசல, காட்டன் துணிய தண்ணில நனைச்சு காய வச்சு இஸ்திரி போட்டு தான் வெட்டணும். நனைக்காம வெட்டிட்டு ஒன்றரை விட்டா என்ன அஞ்சு விட்டா என்ன, முதல் துவைப்புல சுருங்கி தொங்கும்.

பாலக்கோடு கத்திரி:
மடையன்னு யார சொல்றீங்க மாஸ்டர்? நான் கழுத்துக்கு ஒன்றரைன்னு எங்க சொன்னேன்? சைடுன்னு தான் முதல்லயே எழுதியிருக்கேன், மேல போய் பாருங்க. பெரியவர்னு மரியாதை குடுத்தா இப்படி பேசுவீங்களா. நீங்களும் சைடுக்கு கூட விடணும்னு தான சொல்றீங்க, அப்ப நான் சொன்னது தான சரி? ஒன்றரை!

ஹோசூர் மாம்:
அவரு கூடன்னு தான் சொன்னாரு, ஒன்றரைன்னு சொல்லல.

பாலக்கோடு கத்திரி:
கூடன்னா ஒன்றரை தான். வேற என்ன, முக்காலா?

ஸ்கேல் வாத்தியார், மொரப்பூர்:
இன்ச்சா சென்டியா?

பெண்ணாகரம் பாப்பா அப்பா:
வணக்கம்ங்க, நான் ஹோசூர் மாம் பதிவ பாத்து தான் தைக்கலாம்னு ஆரம்பிச்சேன், ஊட்டுக்காரி வேலைக்கு போறாங்க, நான் பெட்டிக்கடை வச்சிருக்கேன், மிஷின் எங்க அம்மாவோடது, அரசாங்கத்துல இலவசமா குடுத்தது சும்மா கெடந்துச்சு. ஆடி 18க்கு ஒகேனக்கல் போறதுக்கு பாப்பாவுக்கு பஃப் கை வச்சு மஞ்ச ஃப்ராக் வேணுமாம். பேப்பர ஒட்டியாச்சு, துணியும் விரிச்சாச்சு, 44 இன்ச் பன்னா (துணி அகலம்), இப்ப கோட்டு மேல வெட்டறதா தள்ளி வெட்டறதா? யாராச்சும் ஒருத்தர் முடிவா சொல்லுங்க.

பாலக்கோடு கத்திரி:
தள்ளி.

ஹோசூர் மாம்:
கோட்டு மேல.

பாலக்கோடு கத்திரி:
அண்ணா நான் சொல்றத கேளுங்க, இந்த பொண்ணு பேச்ச கேட்டு கோட்டு மேல வெட்டி அரை இன்ச் தச்சீங்கன்னா, நாலு ஓரத்துல அரை அரை போனா ரெண்டு இன்ச் போச்சு, முதுகுல ஜிப் வைக்கிற ரெண்டு ஓரத்துல இன்னொரு இன்ச், மொத்தம் மூணு இன்ச். 24 மார்புக்கு லூஸ் நாலு விட்டு 28 வேணும், கையில 25 நிக்கும். தலை வழியா எறங்காது, எறங்குனா கழட்ட முடியாது. அப்புறம் ஒகேனக்கல்ல புள்ள அழுதா என்ன திட்டக்கூடாது.

ஹோசூர் மாம்:
அது மார்ஜின் சேர்க்காத பேட்டர்னுக்கு! இதுல இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது! ஒன்றரை உள்ளயே இருக்கு! நான் நாலு ஃப்ராக் தச்சிட்டேன், ஒன்னும் அழல!

பாலக்கோடு கத்திரி:
நாலு ஃப்ராக்! நாங்க சீசன்ல காலைல காபிக்கு முன்னாடி நாலு வெட்டிருவோம்.

காரிமங்கலம் அக்கா:
ரொம்ப நாளா பேசாம இருந்தேன், இப்ப கேட்டே ஆகணும். கத்திரி அக்கா, சைடுல ஒன்றரை விட்டே ஆகணும்னு சொல்றீங்களே, போன வருஷம் எனக்கு தச்சு குடுத்த ஜாக்கெட்ட குண்டாயிட்டேன்னு பிரிச்சு பாத்தேன், உள்ள அரை இன்ச் கூட இல்ல. கால் தான் இருந்துச்சு. ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டியிருந்தீங்க. என் ஒன்றரை எங்க போச்சு?

மாங்கா மண்டி:
அய்யய்யோ 🔥🔥

ஹோசூர் மாம்:
ஆஹா.

பாலக்கோடு கத்திரி:
நீங்க குடுத்தது 80 சென்டி பிட்டு, அதுல உங்க சைஸுக்கு கை நீளமா வேணும், கழுத்துல பைப்பிங் வேணும், முதுகுல முடிச்சு கட்ட கயிறு வேணும்னு கேட்டீங்க, கயிறுக்கு கோணலா வெட்டுற கிராஸ் பீஸ் எங்க இருந்து எடுக்கறது, என் முந்தானைலயா? அதுல இருந்து தான் எடுத்தேன். ஜாக்கெட் வேற, வளர்ற புள்ள ஃப்ராக் வேற. நீங்க வளர்வீங்கன்னு நான் ஜோசியமா பாத்தேன். அப்புறம் கூலில 50 ரூபா பாக்கி இருக்கு, அதையும் இங்க எழுதிருங்க.

காரிமங்கலம் அக்கா:
50 ரூபா உங்க பையன் கைல குடுத்தனுப்பினேன். தீபாவளிக்கு முந்தின நாள். ஆள் வச்சு கேளுங்க.

பாலக்கோடு கத்திரி:
எந்த பையன்? எனக்கு ரெண்டு பசங்க.

காரிமங்கலம் அக்கா:
கண்ணாடி போட்ட பையன்.

பாலக்கோடு கத்திரி:
கண்ணாடி போட்டவன் கோயம்புத்தூர்ல படிக்கிறான், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு தான் வந்தான், தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்து டிராஃபிக்கு. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்.

மாங்கா மண்டி:
அளவு எவ்ளோக்கா, ஒன்றரையா?

கோட்டை தெரு:
😂😂 செத்தேன்

பர்கூர் பெரிய மாஸ்டர்:
துணிய நனைச்சாரா அந்த பெண்ணாகரம் தம்பி? அத கேளுங்க முதல்ல.

பாலக்கோடு கத்திரி:
மாஸ்டர் நீங்க சும்மா இருங்க, மடையன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் வரல.

பெண்ணாகரம் பாப்பா அப்பா:
நனைக்கலங்க. மஞ்ச துணி சாயம் போகுமோன்னு பயம். இன்னொன்னு, பேப்பர் மூலைல சின்ன கட்டம் ஒன்னு இருக்கு, இது ஒரு இன்ச் இருக்கணும்னு எழுதியிருக்கு, டேப்பு வச்சு பாத்தா அரை நூல் கம்மியா இருக்கு. பரவாயில்லையா?

ஸ்கேல் வாத்தியார், மொரப்பூர்:
தம்பி வெட்டிராதீங்க! பிரிண்ட் எடுத்தப்ப பேஜுக்கு ஃபிட்டாகுற மாதிரி சுருக்கி எடுத்துருக்காங்க. 100 சதவீதத்துல வச்சு மறுபடி எடுங்க. அரை நூல்னா 16ல ஒரு பங்கு, 28 இன்ச் சுத்தளவுல ஒன்னே முக்கா இன்ச் போயிடும். அப்படியே அந்த பேப்பர்ல மார்ஜின் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் படிச்சு இங்க போடுங்க, இவங்க ரெண்டு பேருக்கும் உதவியா இருக்கும்.

பாலக்கோடு கத்திரி:
பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு, பேப்பர் சின்னதா இருக்கு, ஒன்னே முக்கா போகுது, ஒன்றரை விட்டிருந்தா சரியா போயிருக்கும்.

ஹோசூர் மாம்:
பிரிண்ட் தப்பா எடுத்தா நான் என்ன பண்ணுவேன், கடைக்காரன் கிட்ட ஃபுல் சைஸ்னு சொல்லணும்னு நான் எழுதினேன், நாலாவது வரில. யாரும் படிக்கறது இல்ல, சண்டைக்கு மட்டும் வந்துருவீங்க. பேட்டர்ன்ல தப்பே இல்ல. கோட்டு மேல தான் வெட்டணும்.

பெண்ணாகரம் பாப்பா அப்பா:
வாத்தியார் சார், பேப்பர்ல இங்கிலீஷ்ல 1.5னு போட்டிருக்கு, பக்கத்துல இருக்கறது பசை ஒட்டுனதுல அழிஞ்சு போச்சு.

ஸ்கேல் வாத்தியார், மொரப்பூர்:
கடவுளே.

பாலக்கோடு கத்திரி:
1.5! ஒன்றரை! நான் என்ன சொன்னேன்!

ஹோசூர் மாம்:
1.5 உள்ளயே இருக்குன்னு தான் போட்டிருக்கு!! நான் என்ன சொன்னேன்!!

காரிமங்கலம் அக்கா:
கண்ணாடி போடாத பையனா கூட இருக்கலாம். ஆனா குடுத்தேன்.