நெதர்லாந்து 30 சதவீத வரிச் சலுகை: 150 கி.மீ. விதியில் சிக்கியவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, வணக்கம். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்) வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 1 அன்று சேரச் சொல்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் தரும் சலுகை அங்கே உண்டு. ஐந்து வருடம் கிடைக்கும். 2027 முதல் 27 சதவீதமாகக் குறைகிறது. அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனங்களில் சேரும் ஆய்வாளர்களுக்குக் குறைந்தபட்ச சம்பள வரம்பும் கிடையாது. அதனால் சம்பளம் எனக்குத் தடையில்லை. தடை தூரம்தான்.

வேலை தொடங்குவதற்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதங்களுக்கு மேல் நெதர்லாந்து எல்லையிலிருந்து 150 கி.மீ.க்கு அப்பால் வசித்திருக்க வேண்டும். நான் பிஎச்.டி. முடித்தது ஜெர்மனியின் மியூன்ஸ்டரில். எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். திருச்சிக்குத் திரும்பி செப்டம்பரோடு 14 மாதம்தான் ஆகும். டிசம்பரில் சேர்ந்தால் 17 மாதம் ஆகிவிடும்!

இதற்காக யாராவது சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டிருக்கிறீர்களா? பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்பதா, மனிதவளத் துறையிடமா? கிடைத்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், திருச்சியில் வசித்ததற்கு என்ன சான்று கேட்டார்கள்? மியூன்ஸ்டர் நகராட்சியில் பதிவு நீக்கிய சான்றிதழும் பாஸ்போர்ட் முத்திரைகளும் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தம் இல்லை, அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.